முப்பத்து மூன்றில் ஒன்று

"இது கையால் செய்ததா?" என்று கேட்டு ஒரு செய்தி வந்திருந்தது. கையால் செய்தது என்று தலைப்பில் எழுதியிருக்கிறேன். விவரத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஊசி பிடித்த விரல் தெரிகிற மாதிரி படமும் போட்டிருக்கிறேன். அப்புறமும் ஒருத்தர் கேட்கிறார். இன்னொருத்தி, அளவு தெரிவதற்காகப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்த ஒரு திர்ஹம் காசும் சேர்ந்து வருமா என்று கேட்டிருந்தாள். வராது தாயே, அது என் காசு. அப்படி எழுத முடியுமா? "அன்புள்ள வாடிக்கையாளருக்கு" என்றுதான் தொடங்க வேண்டும். ஏழு வருடமாகத் தொடங்குகிறேன். கண் போய்விட்டது, கழுத்துப் போய்விட்டது, அன்பும் போகிற வழியில்தான் இருக்கிறது.

ஸெஃப்ரூ ஊரில் பொத்தான் பின்னும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு இதுதான் வேலை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஜெல்லாபா, கஃப்தான் என்கிற நீள அங்கிகளுக்கு நூல் பொத்தான் பின்னுகிறார்கள். நான் படம் எடுத்து, நாலு வரி எழுதி, இணைய ஏலத்தில் விடுகிறேன். என் அப்பா சந்தையில் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விலை கூவி நடந்தவர். கடைசி விலை வந்ததும் சரக்குக்காரரிடம் திரும்பி வந்து, "என்ன, கொடுக்கலாமா?" என்று கேட்பார். அவர் வேண்டாம் என்றால் கம்பளம் அவர் வீட்டுக்கே போய்விடும். யாருக்கும் கோபம் கிடையாது. இணையத்தில் அந்த மரியாதை இல்லை. நேரம் முடிந்தால் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை யம்னா வந்தாள். சர்க்கரைக் கட்டி சுற்றி வரும் நீலக் காகிதத்தைப் பிரித்து என் மேசையில் வைத்தாள். உள்ளே முப்பத்து மூன்று பொத்தான்கள், மாதுளைச் சிவப்பில், கொண்டைக்கடலை அளவில்.

"லல்லா ஹனியா, இதுதான் கடைசி." ஹனியா என் பெயர், லல்லா மரியாதைக்கு.

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

"போன தடவை சும்மா சொன்னேன். இப்ப ஆலிவ் ஃபாக்டரில பேர் குடுத்துட்டேன். அடுத்த வெள்ளி போய் திங்கக்கிழமை, காலைல ஆறு மணிக்கு வேன் வருது. இது ஆயிரத்துக்குப் போனா நான் போகல. இது போகலைன்னா நான் போறேன்."

போன முறை அவளுடைய இரண்டு மாத வேலை நூற்றெண்பது திர்ஹத்துக்குப் போயிற்று. நான்தான் எழுதியிருந்தேன்: "அழகான, அரிய, பாரம்பரியப் பொத்தான்கள்." எல்லாரும் எழுதுகிற மூன்று செத்த வார்த்தைகள். சலிப்பில் எழுதினேன். அதற்கு அவள் தண்டம் கட்டினாள்.

"ஐம்பதுல ஆரம்பிக்கிறேன்," என்றேன்.

"ஐம்பதா! ஐயோ, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மானம் போச்சும்பாரு."

"கம்மியா ஆரம்பிச்சாத்தான் நாலு பேர் கை வைப்பாங்க. கடைசிப் பத்து நிமிஷத்துலதான் ஏறும். அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும்."

"ஏறலைன்னா? குடுக்கமாட்டேன்னு சொல்லிக்கலாம்ல?"

"சொல்ல முடியாதுடி. இது நம்ம சந்தை இல்ல."

அவள் தலையாட்டினாள். அவளிடம் சொன்னேன், அவள் வீட்டுக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த முறை ஒழுங்காக எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுதுவதற்கு ஒன்று வேண்டுமே? ஜன்னலோரம் பொத்தான்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இயந்திரம் செய்தது போல எல்லாம் ஒரே மாதிரி. அதுதான் சிக்கல், ஒரே மாதிரி இருந்தால் கையால் செய்தது என்று நம்பமாட்டார்கள்.

"எப்படிடி முப்பத்து மூணும் ஒரே மாதிரி வருது?"

"ஒண்ணு ஆரம்பிச்சா முடிக்காம எந்திரிக்கமாட்டேன். நடுவுல எந்திரிச்சுட்டு வந்து உக்காந்தா கை மாறிடும். அப்படி ஆனதைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"யார் கூப்பிட்டாலுமா?"

"பால் பொங்கி வழிஞ்சாலும்." பிறகு ஒரு பொத்தானைத் தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் இதுல அப்படி இருக்கு. அவரு தண்ணி கேட்டாரு. தினம்தான் கேப்பாரு, இருங்க வரேன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பேன். அன்னிக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு, குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. போயிட்டேன். வந்து மிச்சத்தை முடிச்சேன். அதைத் தூக்கிப் போட மனசு வரலை."

"எது அது?"

"சொல்லமாட்டேன். நீங்கதான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பீங்களே, கண்டுபிடிங்க பாப்போம்."

பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். தெரியவில்லை. பிரெஞ்சில் எழுதி, கீழே அரபியிலும் எழுதினேன்:

"முப்பத்து மூன்று பொத்தான்கள், மாதுளைச் சிவப்பு, ஒவ்வொன்றும் பதினோரு மில்லிமீட்டர். செய்தவர் ஒரு பொத்தானைத் தொடங்கினால் முடிக்காமல் எழுவதில்லை. இதில் ஒன்றே ஒன்றில் மட்டும் பாதியில் எழுந்தார். கணவர் தண்ணீர் கேட்டார். அது எந்தப் பொத்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதைக் குறை என்று நினைப்பவர்கள் ஏலம் கேட்க வேண்டாம்."

ஏழு வருடத்தில் எனக்கே பிடித்துப்போன விவரம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மதியம் வரை விலை நூற்றிருபதில் கிடந்தது. கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு யம்னா சங்கத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றேகாலுக்கு "மலைக்கழுகு 47" என்று யாரோ உள்ளே வந்தார். தான் கேட்ட விலைக்கு மேல் தானே கேட்டார். இருநூறு, இருநூற்றைம்பது.

"யாரு லல்லா இவரு, தன் விலைக்கு மேல தானே ஏத்தறாரு?"

"யாரோ பைத்தியம். இருக்கட்டும், நல்ல பைத்தியம்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லியோனிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். கஃப்தான் தைக்கிற கடைக்காரி, முன்பும் எங்களிடம் வாங்கியிருக்கிறாள், விலை தெரிந்தவள். அவள் ஒரேயடியாக அறுநூறு என்றாள். கழுகு விடவில்லை. அவளும் விடவில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம். ஆயிரம் தாண்டியபோது யம்னா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. கழுகு கடைசியாக ஆயிரத்து நானூற்று அறுபது என்று கேட்டது. லியோன்காரி அதற்கு மேல் கேட்கவில்லை. மணி நாலு.

யம்னா எழுந்து நின்று குலவை போட்டாள். கீழே மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"போகமாட்டேன் லல்லா! வேன் வந்து நிக்கட்டும், நான் போகமாட்டேன்!" என் தலையில் முத்தம் கொடுத்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அனுப்ப வேண்டிய முகவரியைத் திறந்து வாய்விட்டுப் படித்தேன். "ஸெஃப்ரூ. ரொட்டிச் சூளைக்குப் பின் சந்து. மூன்றாவது கதவு."

படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அது யம்னாவின் கதவு. நாற்பத்தேழு, அவள் கணவர் ஹம்மாதி ஃபெஸ் நகரத்துக்கு ஓட்டிய டாக்சியின் எண். இருபத்திரண்டு வருடம் ஓட்டி, முதுகெலும்பு விலகி, இப்போது மெத்தையை விட்டு எழ முடியாதவர். பொய் முகவரி கொடுக்கக்கூடத் தெரியாத மனுஷன்.

யம்னா நீலப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஹம்மாதி சுவரோரம் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஃபோன், முன்னால் பக்கத்து வீட்டில் போட்டு வாங்கிய புதினா டீ, மூன்று கண்ணாடித் தம்ளர். முகமெல்லாம் வெற்றி.

"வாங்க லல்லா, வாங்க! பாத்தீங்களா, எங்க கொண்டுபோய் விட்டேன் விலையை? சரி, குடுக்கலைன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? சொன்னா இன்னும் ஏறி வருவா."

"ஸி ஹம்மாதி," என்றேன், கோபத்திலும் 'ஸி' என்கிற மரியாதையை விடாமல், "ஏலம் முடிஞ்சுபோச்சு. நீங்கதான் வாங்கியிருக்கீங்க. உங்க பொண்டாட்டி சரக்கை நீங்களே வாங்கியிருக்கீங்க!"

"அதெப்படி? கடைசில வந்து கேக்கணும்ல? கொடுக்கலாமான்னு கேக்கணும்ல? உங்கப்பா எத்தனை தடவை வந்து கேட்டிருக்காரு!"

"இங்க யாரும் வந்து கேக்கமாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு யம்னாவைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"நூத்திருபதுல நின்னுச்சு லல்லா. ஊரே பாக்கிற இடத்துல இவ வேலை நூத்திருபது. நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அப்புறம் அந்தம்மா வந்தா. ஒண்ணு சொன்னா ஒண்ணு ஏறினா. பதினோரு தடவை ஏறினா. பன்னெண்டாவது தடவையும் ஏறுவான்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "நான் வண்டி ஓட்டினப்ப இவ வேலைக்குன்னு வாசப்படி தாண்டினதில்ல. எனக்கு முதுகு போச்சுன்னா இவ ஆறு மணிக்கு வேனுக்கு நிக்கணுமா?"

யம்னா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

"ஜெயிச்சது நீங்க. சரக்கை வாங்கிக்குங்க," என்று சொல்லிவிட்டு டீயை ஊற்றினாள்.

அன்றே லியோனுக்கு எழுதினேன். ஜெயித்தவர் விலகிவிட்டார், நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே தருகிறோம், வேண்டுமானால் அதற்குக் கீழேயும் தருகிறோம். மறுநாள் பதில் வந்தது. "ஒரே ஆள் பத்து நிமிடத்தில் பதினோரு முறை என் மேல் ஏற்றினார். விற்பவர்களே ஆள் வைத்து விலை ஏற்றுகிற விளையாட்டு எனக்குத் தெரியும். உங்கள் விவரத்தை நம்பித்தான் கேட்டேன். அந்தத் தண்ணீர் கேட்ட கணவரும் கதைதான் போலிருக்கிறது." கதை இல்லை அம்மா, அவர்தான் உங்களோடு மல்லுக்கு நின்றவர் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போனேன். குளிரில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். யம்னா தன் பழைய பழுப்பு ஜெல்லாபாவில் இருந்தாள். கழுத்திலிருந்து கால்வரை மாதுளைச் சிவப்பில் முப்பத்து மூன்று பொத்தான்கள்.

"என்னடி இது?"

"அவரு தைச்சாரு. ரெண்டு நாள், அந்த முதுகை வெச்சுக்கிட்டு. ஒண்ணு ஆரம்பிச்சா முடிக்காம அசையமாட்டேன்னு ஒரே அடம். தண்ணி நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்." கழுத்துப் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் அந்தப் பொத்தானாம். கண்டுபிடிச்சுட்டாராம். முதல்ல அதைத்தான் தைச்சாரு. சின்னப் புள்ள மாதிரி ஒரே சந்தோஷம்."

குனிந்து பார்த்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"இதுதானா?"

"இல்ல."

"பின்ன எது?"

"கீழ, கால்கிட்ட. எல்லாம் தைச்சு முடிஞ்சு கடைசியா மிஞ்சினது."

"அவர்கிட்ட சொன்னியா?"

"எதுக்கு லல்லா?" என்றாள்.

வேன் வந்தது. அவள் ஏறும்போது ஜெல்லாபா படியில் இழுபடாமல் கீழ்ப் பொத்தானோடு சேர்த்து ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.