இரண்டாம் பக்கத்துப் பொத்தான்

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. என் வலைப்பதிவில் யாரோ கருத்து எழுதியிருக்கிறார்கள். ஏழு மாதமாக நான் ஒரு வரிகூட வெளியிடாத வலைப்பதிவு. பூட்டிப்போட்ட வீட்டுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டேன்.

கருவிகளோடு மனிதர்கள் படும் பாட்டைத்தான் அதில் எழுதிவந்தேன். தள்ளுவதா இழுப்பதா என்று திணறவைக்கும் கதவு, எந்தப் பக்கம் திருப்பினாலும் கொதிநீரே வரும் குழாய், 'ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்களை நீட்டும் செயலி. நாற்பது பேர் படித்தால் அதிகம். வாரம் ஒன்று என்று ஆரம்பித்தது, மாதம் ஒன்றாகி, பிறகு நின்றேபோனது. கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவந்தேன். பத்தொன்பது பதிவுகள் பாதியில் கிடந்தன. எல்லாமே மூன்றாவது பத்தியில் நின்றிருந்தன.

கருத்தை எழுதியவர் ஒரு தச்சர். கதவுக் கைப்பிடிகளைப் பற்றிய என் பதிவுக்குக் கீழே முன்பு ஒருமுறை என்னோடு சண்டை போட்டிருக்கிறார்.

"ஏன் எழுதறதில்ல? ஒரு மெஷினைப் பத்தி நீங்க எழுதணும். போன மாசம் என் சம்சாரத்துக்கு மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரியில மெஷின்ல டோக்கன் எடுத்துட்டு வாங்கன்னு கை காட்டிட்டாங்க. அதுல அவசரம்னு ஒண்ணும் காணோம். பொதுன்னு இருந்துச்சு, அமுக்கினேன். அறுபத்தேழாம் நம்பர் வந்துச்சு. உட்கார்ந்தோம். நான் கத்தியிருக்கணும். நம்பர் குடுத்துட்டாங்களேன்னு சும்மா உட்கார்ந்துட்டேன். நீங்க எழுதினா சரியா இருக்கும்."

அடியில் ஆஸ்பத்திரியின் பெயர். அதற்குமேல் இல்லை. மனைவி என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன். அந்த டோக்கன் மெஷினின் திரையை வடிவமைத்தது நான்.

முதலில் நான் வரைந்த திரையில் 'அவசரம்' சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, மேலேயே இருந்தது. இருமல்காரர்கள்கூட அதையே அமுக்குகிறார்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் குறைப்பட்டது. அதைச் சாம்பல் நிறமாக்கி, இரண்டாம் பக்கத்தில், 'மற்றவை' என்பதற்குள் தள்ளினேன். இது வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். வலைப்பதிவு நின்றதும் அந்த மாதம்தான். இரண்டையும் அதுவரை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அலுவலகத்தில் எங்கள் குழுத்தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவங்க கேட்டாங்க, நாம செஞ்சோம். நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கற?"

"அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல மேடம்."

"தெரியாம இருக்கறதே நல்லது. இதை உன் ப்ளாக்ல கிளாக்ல எழுதி வெச்சிடாத. அப்புறம் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

அவர் மிரட்டவில்லை. அவர் குரலிலும் பயம்தான் இருந்தது.

சாயங்காலம் நான் சொன்னதையெல்லாம் என் கணவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அவர்கிட்டயே கேட்டுடேன்" என்றார்.

"கேட்டா பதில் சொல்லிடுவாரே."

அவர் கையில் கத்தி நின்றது. பிறகு மெல்ல நறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் திரையை அலுவலக மேசைமேல்தான் பார்த்திருக்கிறேன். ஆட்கள் முன்னால் நின்று பார்த்ததே இல்லை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒருவரும் படிக்கவில்லை. ஒரு கையில் பையும் மறு கையில் நோயாளியுமாக வந்து, கண்ணில் முதலில் பட்டதை அமுக்கினார்கள். காவலாளி ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார்: "பொதுன்னு இருக்கறதை அமுக்குங்க."

"அவசரம்னா என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இதுல கிடையாதும்மா."

என் விரல் தானாகப் போய் 'மற்றவை'யைத் தொட்டது. அடுத்த பக்கம் வந்தது. மூலையில், அழிந்துபோன எழுத்துபோல் 'அவசரம்' தெரிந்தது. காவலாளி குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி. இத்தனை நாளா நிக்கறேன், எனக்கே தெரியாதே. எவன் வெச்சான் இதை இங்க?"

நான் போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய ஆறு நிமிடம். அறுபத்தேழுக்குக் கணக்குப் போட மனம் கிளம்பியது, பாதியிலேயே அடக்கினேன்.

கைப்பேசியில் எழுத ஆரம்பித்தேன். திரை எப்படி இருந்தது, எப்படி மாறியது, யார் மாற்றியது. மூன்றாவது பத்தி வந்தது. எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. 'மாற்றியது நான்' என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். வெளியிட்டேன். தச்சரின் கருத்துக்குக் கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டு, 'உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?' என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு காவலாளியிடம் போய், "அதை அங்க வெச்சது நான்தாண்ணே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து வந்த பெண்ணிடம், "அவசரமாம்மா? அப்ப இங்க வா" என்று அவரே 'மற்றவை'யை அமுக்கினார்.

குழுத்தலைவி இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தது தெரியாத எண்.

"படிச்சேன்மா" என்றது ஓர் ஆண்குரல். "நான் உங்களையே எழுதச் சொல்லியிருக்கேன்."

"ஆமாங்க."

"அன்னிக்குப் பூரா என்னைத்தான் திட்டிக்கிட்டேன். கண்ணு தெரியலையாடா உனக்குன்னு."

"உங்க தப்பில்லைங்க. அவங்க..."

"இருங்க. அவளுக்கும் படிச்சுக் காட்டினேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

கைப்பேசியை எதன்மேலோ வைக்கும் சத்தம். "மெதுவா வா" என்று அவர் சொல்வது தள்ளிக் கேட்டது. பிறகு தரையில் செருப்பு தேயும் ஓசை. நான்கு அடி. நின்றது. இழுத்து வாங்கும் மூச்சு. மறுபடி மூன்று அடி. நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்று, கைப்பேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபட்டது. மூச்சு மெல்ல மெல்லக் கிட்டே வந்தது.