நாத்தனார் எதிர்முனையில் நிற்கிறாள்

1.
இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. நாட்டின் சின்னம் பொறித்த சட்டை போட்ட இரண்டு பெண்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வீங்கிய தாடையைப் பிடித்தபடி, "நான் கைகாட்டின இடம் ஒண்ணு, நீங்க உருட்டின இடம் ஒண்ணு அண்ணி" என்றாள். நாத்தனாரும் அண்ணியும், புல்தரையில் பந்துருட்டும் ஆட்டத்தில் பல நாடுகளுக்குப் போய் ஆடிய ஜோடி. குடும்பக் கதை எழுதிப் பிழைக்கிற நான் இதை விடுவேனா?

விட்டிருக்கலாம்.

2.
முதல் தொடக்கம்: "அவள் கையிலிருந்து புறப்பட்ட பந்து புயலாக—"

புயலாவது மண்ணாவது. [அது காலாற நடக்கும் தாத்தா மாதிரிப் போகிறது. தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்தை ஒட்டி நின்றால் போதும். ஒரு பக்கம் சாய்வாகக் கடைந்த பந்து, வளைந்துதான் போகும். இதை வைத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி எழுதக் கை அரிக்கிறது. எழுத மாட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "நாத்தனார் ஒரு கொடுமைக்காரி."

இதுவும் நிற்கவில்லை. எதிர்முனையில் அந்த வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணி, மெதுவா. காதுல விழுதா?" என்று வழிகாட்டுவது அவள் வேலை. துணி காயப்போடும்போதும் "இன்னும் கொஞ்சம் இடது" என்பாள், அது வேறு விஷயம். புதுமருமகளாக அறைக்குள் முடங்கிக் கிடந்த அண்ணியை மைதானத்துக்கு இழுத்துப்போனதே அவள்தான்.

3.
விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனாரின் முழங்கால் இப்போது சரியாக மடங்குவதில்லை. அடுத்த உலகப் போட்டிக்கு உங்களுக்கு வேறு ஜோடி என்று அணித் தேர்வாளர் அண்ணியிடம் போனில் சொன்னார். அண்ணி யோசிக்காமல் "சரிங்க" என்றுவிட்டாள். பிறகு கணவனிடம் போய் நின்றாள்.

"நீங்க சொல்லிடுங்களேன். உங்க தங்கச்சிதானே."

"வீட்டுல தங்கச்சி. மைதானத்துல உன் ஜோடி. நீயே சொல்லு."

"நல்லா வாய்ச்சீங்க எனக்கு."

[என் கதைகளில் கணவன்மார்கள் இப்படி நழுவமாட்டார்கள். இவனை எவ்வளவோ திருத்தினேன். திருந்தவில்லை.]

4.
முடிவு ஒன்று: நாத்தனார் தானே விலகி, அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். [என் வாசகிகளுக்குப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது. விலகுகிற ஆளில்லை அவள்.]

முடிவு இரண்டு: "அவ இல்லாம நானும் வரலை" என்று அண்ணி தேர்வாளரிடம்— [அண்ணி என் பேனாவைப் பிடுங்காத குறை. அவளுக்குப் போக வேண்டும். ஆசையாக இருக்கிறது. அதில் என்ன தப்பு?]

முடிவு மூன்று: நாத்தனாருக்கு எல்லாம் முன்பே தெரியும். [போதும், போதும்.]

5.
கூடத்தில் நாத்தனார் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு பந்துகளைத் துடைக்கிறாள். தன்னுடையவற்றை முடித்துவிட்டு அண்ணியுடையவற்றை எடுக்கிறாள். அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள்.

நாத்தனார் நிமிராமலே கேட்கிறாள்: "நாளைக்குப் பயிற்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் அண்ணி?"

எத்தனை தடவை எழுதினாலும் இந்த அண்ணி "ஆறு மணிக்கு" என்றே சொல்லித் தொலைக்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. நாத்தனார் தலை நிமிர்வதற்குள், நீங்களாவது அவளிடம் அந்தப் போன் விஷயத்தைச் சொல்லுங்கள்.