ராகுகாலத்தில் ஒரு சர்வர்

1

இந்தக் கதை ஒரு பிழைச் செய்தியிலிருந்து பிறந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். மிச்சம் என் சரக்கு. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வைகைக் கரையில் அந்தி சாயும்...’ வேண்டாம். வைகையில் தண்ணீரும் இல்லை, கதையில் அதற்கு வேலையும் இல்லை.

2

2009, பரமக்குடி. மூக்கையாவின் மிளகாய் வத்தல் மண்டி. கிளைகளின் விற்பனையை ஒரே திரையில் ரிப்போர்ட்டாகக் காட்டும் மென்பொருளை அவர் ஒரு திங்கட்கிழமை தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தார். முதல் ரிப்போர்ட் மறுநாள் வரவேண்டும். வந்தது வெறும் வெள்ளைத் திரை. மென்பொருளை நிறுவியவள் உமையாள், திருவாடானைப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள்.

“ஏத்தா, சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட்டு வரலேன்னா நாளையிலருந்து நீ வர வேணாம்” என்றார் மூக்கையா.

(இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.)

3

முகவரியைச் சரிபார்த்தாள், கடவுச்சொல்லை மாற்றினாள், செட்டிங்கை வரிவரியாகப் படித்தாள். எல்லாம் ஒழுங்கு. கடைசியில் லாக் என்கிற பதிவேட்டைப் பார்க்கும் கருவியைத் திறந்து, ரிப்போர்ட் போடும் சர்வரின் பதிவையும் விற்பனைக் கணக்கை வைத்திருக்கும் டேட்டா சர்வரின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு நேரம். தன் நேரத்தோடு ஒத்துப்போகாத மெஷினை நம்பமாட்டேன் என்று டேட்டா சர்வர் கதவைச் சாத்தியிருந்தது.

பதிவில் இன்னும் மேலே போனாள். திங்கள் காலை எட்டு மணி: ரிப்போர்ட் சர்வரின் கடிகாரம் ஒன்பதைத் தாண்டி முன்னே தள்ளப்பட்டது. தள்ளியவர்: மூக்கையா.

திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். விருந்தாளிகள் சீக்கிரம் வந்துவிட்டார்கள். உமையாள் கற்பூரம் வாங்கப் போன நேரத்தில், முதலாளி சர்வரை நல்ல நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

4

கடிகாரத்தைத் திருத்தினாள். ரிப்போர்ட் வந்தது. கணக்கர்கள் சூழ மூக்கையா வந்து நின்றார்.

“என்னத்தா கோளாறு?”

முடிவு அ: “ஒயரு லூசா இருந்துச்சுங்கய்யா.” பழி அவள் தலையில். வேலை போகும்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். ஊழியர்கள் முன்னால் அவர் மானம் போகும், பின்னாலேயே அவள் வேலையும்...

இரண்டையும் அடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமலே அவள் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

மூக்கையா கண்ணாடியை மாட்டித் தன் பெயரைப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, நாலு மணி தாண்டியிருந்தது.

“நாலரைக்கு மேல சொல்றேன்” என்று உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். அதற்குள் அவர் யாரையும் வேலையைவிட்டுத் தூக்கமாட்டார், மன்னிக்கவும் மாட்டார். நானும் கதையை முடிப்பதாக இல்லை. உமையாள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

கடிகாரம் இனி உங்கள் கையில், வாசகரே. முன்னே தள்ளுவதானால் தள்ளுங்கள். பதிவில் உங்கள் பெயர் விழும்.