கெட்ட டிஸ்சார்ஜ்

திவால் வழக்குக் காகிதம் கேட்டு நான் வேலை பார்க்கும் எங்கள் கவுண்டி நீதிமன்றத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது இங்கே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. திவால் என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசு, நீதிமன்றத்து விவகாரம். அது இருப்பது நகரத்தில், மூன்று மணி நேரப் பயணத்தில். ஆனால் எண்பதுகளில் கடன்பட்டவர்களின் நிலத்தை எல்லாம் ஷெரிப் ஏலம் விட்டது எங்கள் வாசற்படியில் நின்றுதான். அதனால் திவாலும் இந்தக் கட்டடத்துக்குள்ளேதான் எங்கோ குடியிருக்கிறது என்று இந்தக் கவுண்டியில் பிறந்த ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். இல்லை என்று சொன்னால் நான் ஒளித்துவைத்திருப்பதுபோல முறைப்பார்கள்.

போன வசந்தத்தில் ஒருநாள் வரிசையில் என் அப்பா டெல்மரே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு என்ன? ஒரு திவால் கேஸ் பாக்கணும் டார்லா."

"நீயுமாப்பா? இங்க வேலை பாக்குறவளோட அப்பா நீ. உனக்குமா தெரியாது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "லவோன் கேஸு."

லவோன் செபெஸ்டாவை எனக்கு நன்றாகத் தெரியும். கணவர் ஆர்லின் காலமானபிறகு ஊரை ஒட்டிய சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகியும் வாய் திறந்து பேசாமல் இருந்த அப்பா, தேவாலயக் கூடத்தில் லவோனோடு சீட்டாட ஆரம்பித்த பிறகுதான் மனுஷனானார். தானியக் கிடங்கின் லாரி வரிசையில் காத்திருந்தபோது, வண்டிக்குள்ளேயே, அவளிடம் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா' என்று கேட்டிருக்கிறார். எழுபத்தாறு வயதுக்காரர் பெண் கேட்கிற இடத்தைப் பாருங்கள்.

"மாட்டேங்கிறா. அவளக் கட்டிக்கிட்டா என் நிலம் போயிடுமாம். அவங்க திவால் இன்னும் தீரலையாம்."

"எந்தக் காலத்துத் திவால்! அதை யாரு வேணும்னாலும் கேட்டு வாங்கலாம்ப்பா, பொது ஆவணம்தான். நான் போன் போட்டுக் கேக்குறேன்."

"யாரு வேணும்னாலுமா?"

"யாரு வேணும்னாலும்."

அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டார். "அப்ப வேணாம். அவளுக்குத் தெரியாம நான் படிச்சா, ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி."

போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே அவர்மேல் அன்பும் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலமே லவோன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டிகளை அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தாள். ஒன்றைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். நான் வந்த காரணம் தெரிந்ததும் தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்வாளோ என்று பயந்து ஒரு கடி கடித்துவிட்டுத்தான் பேசினேன்.

"உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல. அவர் பாக்கவே மாட்டேன்னுட்டார். நீங்க ஏன் மாட்டேங்கிறீங்க? உங்களுக்கு அப்பவே டிஸ்சார்ஜ் ஆகியிருக்குமே. டிஸ்சார்ஜ்னா கடன் எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"டிஸ்சார்ஜ்தான். ஆனா எங்களுக்கு வந்தது கெட்டது."

"கெட்டதுன்னா?"

"உனக்குத் தெரியாதா? பட்டாளத்துல ரெண்டு தினுசு உண்டே. மரியாதையா அனுப்பினா ஒண்ணு, அவமானப்படுத்தி அனுப்பினா ஒண்ணு. ஆர்லினுக்குப் பட்டாளத்துல நல்லது கிடைச்சுது, கொரியாவுல இருந்து வந்தப்ப. கோர்ட்ல கிடைச்சது மத்தது. மரியாதை இல்லாம வெளிய வந்தவனை எப்ப வேணும்னாலும் திரும்பப் பிடிப்பாங்க. நான் போய் டெல்மர் நிலத்துல உக்காந்தா, அதையும் பிடிப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியவில்லை. "லவோன், ஆர்லின் உங்களைச் சும்மா சீண்டியிருக்கார். திவால்ல அப்படி ரெண்டு தினுசே கிடையாது."

"உன் வாய்வார்த்தைய நம்பி உங்கப்பன் நிலத்தைப் பணயம் வைக்கச் சொல்றியா? எழுத்துல காட்டு."

காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போன் செய்தேன். இத்தனை வருடம் மற்றவர்களிடம் "அங்கே கேளுங்கள்" என்று சிடுசிடுத்தவள், அங்கே கேட்டால் போனில் காக்கவைத்து எத்தனை பாட்டு கேட்கவைப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். பழைய வழக்கு, கணினியில் இல்லை, பெயரைச் சொல்லுங்கள், பழைய அட்டைப் பதிவில் தேடுகிறேன் என்றாள். எண் கிடைத்தது. கோப்பு வேறொரு மாநிலத்தில், பழைய ஆவணங்கள் வைக்கிற கிடங்கில் இருந்தது. அங்கே எழுதிப்போட்டு நகல் கேட்டேன். அங்கிருந்து போனில் பேசியவர் நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: பெட்டியில் வைத்த நாளிலிருந்து இந்தக் கோப்பை யாரும் கேட்டு எடுத்ததே இல்லை, நீங்கள்தான் முதல்.

அதை லவோனிடம் சொன்னபோது கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டுவிட்டாள்.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"நான் கடைக்குப் போறப்ப எல்லாம், இந்த ஊர்ல எல்லாரும் அதைப் படிச்சிருப்பாங்கன்னு நெனச்சேனே, டார்லா. தேவாலயத்துல பின்வரிசையில உக்காந்தது அதுக்குத்தானே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாவு ஒட்டிய கை.

நகல் வந்த அன்று அப்பா என்னை வண்டியில் அழைத்துப்போனார். படித்து முடிக்கும்வரை டெல்மர் உள்ளே வரக்கூடாது என்று லவோன் உத்தரவு போட்டிருந்தாள். அவர் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து, ரேடியோவில் மாட்டு விலை கேட்பதுபோல பாவனை செய்துகொண்டிருந்தார். ரேடியோ போடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உறையைக் கிழித்தேன். தடித்த கட்டு. கடைசித் தாள்களில் ஒன்றில் அது இருந்தது. படித்துக் காட்டினேன். 'கடனாளிகள் ஆர்லின் செபெஸ்டா, லவோன் செபெஸ்டா இருவருக்கும் வழங்கப்படுவது டிஸ்சார்ஜ்.' கீழே நீதிபதி கையெழுத்து.

"அந்த வார்த்தைக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்னாடி?"

"முற்றுப்புள்ளி."

தாளை என் கையிலிருந்து வாங்கினாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அப்பாவைக் கூப்பிட ஜன்னலை நோக்கித் திரும்பியும் விட்டேன்.

"அப்ப ஆர்லின் சொன்னது?" என்றாள்.

"சீண்டியிருக்கார்னு அன்னிக்கே சொன்னேனே."

"அவர் சிரிக்கலை, டார்லா. வக்கீல் போன்ல டிஸ்சார்ஜ்னு சொன்னதைக் கேட்டுட்டு வந்து, இந்த நாற்காலியிலதான் உக்காந்தார். 'நம்மள அனுப்பிட்டாங்க லவோன், மரியாதையோட இல்ல'ன்னார். காகிதம் வந்த உறையைப் பிரிக்கவே இல்ல. அடுப்புல போட்டுட்டார். அதுக்கப்புறம் மே மாசக் கடைசியில, செத்துப்போன வீரர்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல துப்பாக்கி மரியாதை பண்ணுவாங்களே, அதுக்கு வேலிக்கு வெளியவே நின்னார். கொரியாவுக்குப் போய்ட்டு வந்தவர். உள்ள வாங்கன்னா, 'எனக்கு அந்தத் தகுதி போயிடுச்சு'ம்பார். சாகிற வருஷம் வரைக்கும் வெளியதான்."

அன்று நான் சிரித்திருந்தேன். கேலி என்று நான் நினைத்தது கேலியே இல்லை. பட்டாளத்தில் கற்ற ஒரு சொல்லை அந்த மனிதர் வேறெப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

லவோன் எழுந்து கோட்டை மாட்டினாள்.

"டெல்மருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல ஆர்லினுக்குச் சொல்லணும். உங்கப்பனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மூன்று பேரும் வண்டியின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போனோம். கல்லறைத் தோட்டத்தில் காற்று பேயாக அடித்தது. லவோன் மட்டும் உள்ளே போனாள். ஆர்லினின் கல்லுக்கு முன்னால் நின்று, தாள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உரக்கப் படித்தாள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், நீதிபதி பெயர், எதையும் விடவில்லை. டிஸ்சார்ஜ் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தாள். "முன்னாடி ஒண்ணும் இல்ல, ஆர்லின். பின்னாடி முற்றுப்புள்ளி." அப்புறம் நெடுநேரம் அழுதாள். நாங்கள் இருவரும் வண்டியை ஒட்டி, பார்க்காததுபோல நின்றோம்.

கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லவோன் திரும்பினாள்.

"டெல்மர்! அங்க என்ன பண்ற? உள்ள வா."

அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

"லாரி வரிசையில என்னை ஒண்ணு கேட்டியே. அதை இங்க, அவர் முன்னாடி கேளு."

அப்பா கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேட்டார். காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. லவோன் பதிலை அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. குனிந்து கல்லின் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டீங்களா, ஆர்லின்? நான் சரின்னு சொல்லப்போறேன். உங்க பேருக்கும் என் பேருக்கும் ஒரு குறையும் இல்ல."