பத்து வீட்டில் வாங்கிய கடன்

1.

இந்தக் கதைக்குக் காரணம் என் சட்டையில் அறுந்துபோன பட்டன். தைத்து வாங்கப் போன இடத்தில், ஊசியில் நூல் கோத்தபடி, தையல்காரி தன் இரட்டைப் பெண்களைப் பற்றிச் சொன்னாள். சில நிமிடம் முந்திப் பிறந்தவள் பெரியவள், மற்றவள் சின்னவள். சின்னவளுக்குக் கழித்தல் வரவில்லை. வரும் பரீட்சையிலும் கோட்டை விட்டால் அவள் இதே வகுப்பில் இருக்க வேண்டும், பெரியவள் மட்டும் மேலே போவாள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். பிறந்ததிலிருந்து ஒரே போர்வைக்குள் தூங்குகிறவர்கள். கேட்டதுமே எனக்குக் கை துறுதுறுத்தது. கதைக்காரி புத்தி, மன்னித்துவிடுங்கள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை ஓய்ந்த அந்த மாலையில் இரு சிறுமிகள்..."

வேண்டாம். மழையை எடுத்தால் நான் அதிலேயே நனைந்துகொண்டிருப்பேன்.

மதியம். தையல் மேசைக்கு அடியில் இரண்டு டப்பா மூடிகள். ஒன்று, ஒன்றுகளின் வீடு. அதில் சட்டைப் பட்டன்கள். பக்கத்தில் பத்துகளின் வீடு. அதில் கோட்டுப் பட்டன்கள், ஒவ்வொன்றும் பத்துக்குச் சமம். ஜன்னல் வழியே தேன் நிற வெயில். (வெயில் என்றுதான் அவள் சொன்னாள், தேன் என் கைச்சரக்கு.) தையல் மிஷின் சத்தத்தில் கண் சொக்குகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அந்த வீடுகளுக்குள் விளக்கு எரிவது தெரியும். எனக்குத் தெரிந்தது.

32-இல் 15 போக வேண்டும். ஒன்றுகளின் வீட்டில் இரண்டுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பத்து கடன் வாங்கச் சொன்னாள் அம்மா. சின்னவள் வாங்கினாள், அதைப் பத்துச் சின்னப் பட்டனாக மாற்றினாள், கழித்தாள், 17 வந்தது. பிறகு டப்பாவிலிருந்து புதிய கோட்டுப் பட்டன் ஒன்றை எடுத்துப் பத்துகளின் வீட்டில் வைத்துவிட்டு 27 என்றாள். கடன் வாங்குகிற எல்லாக் கணக்கிலும் இப்படியே பத்து கூடியது.

"இது விளையாட்டுக் கடன்டி. திருப்பித் தர வேணாம்."

"அப்ப அது திருட்டும்மா."

[இங்கே தையல்காரி சிரித்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் பயந்துபோயிருந்தாள்.]

3.

வார்த்தையை மாற்றிப் பார்த்தாள். கடன் இல்லை, பட்டன் விருந்துக்குப் போயிருக்கிறது என்றாள். விருந்துக்குப் போனவர்கள் வீடு திரும்ப வேண்டாமா என்று கேட்டாள் சின்னவள். கடைசியில் அம்மா அலுத்துப்போய், அது குடி மாறிப் போய்விட்டது, இனிமேல் அங்கேதான் என்றாள். சின்னவள் பத்துகளின் வீட்டில் தான் வைத்த புதிய கோட்டுப் பட்டனை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"திரும்பி வராதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

அதன்பிறகு 17 என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விடை சரியாக வந்ததற்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்குப் போயிருந்த அக்காவிடம் இதைச் சொல்லக் கூடாது, மார்க் வந்ததும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள்.

4.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பெரியவள் உறுத்தினாள். அவளுக்கு நான் ஒரு வசனம்கூடத் தரவில்லை. கதைக்கு அவள் எதற்கு, பேசாமல் எடுத்துவிடலாம் என்று... [இரட்டையில் ஒன்றைக் கழித்துவிட்டு என்ன கதை?]

சரி, ஒரு வரி என்று நினைத்துப் பரீட்சை அறையில் உட்கார வைத்தேன். அதே கணக்கு. அவளுக்கு விடை தெரியும். பென்சிலைத் தாளில் வைக்கப் போனவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதை நான் எழுதவில்லை.

"தங்கச்சிக்கு இதுல இருபத்தேழுதான் வரும். அவ இருக்குற கிளாஸ்லதான் நானும் இருப்பேன்."

தங்கைக்கு இப்போது 17 வருகிறது என்று அவளிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் சத்தியம் என்னையும் கட்டிப்போடுகிறது. விடைக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

27 என்று நீங்கள் எழுதினால், அவள் தங்கைக்காக நின்றவள். தங்கை மட்டும் மேலே போய்விடுவாள். 17 என்றால் இருவருக்கும் ஒரே பெஞ்ச்தான். ஆனால் இந்த நிமிடத்தில் அவள் தங்கையை விட்டுப் போகச் சம்மதித்தவள், அது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

பென்சில் உங்களிடம். மணி அடிக்கப் போகிறார்கள்.

32 − 15 =