பார்க்காமல் போட்ட கையெழுத்து

காலை ஐந்தே முக்காலுக்குக் கூடலூர் ஜீப் ஷெட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ராக்கப்பனின் கால்கள்தான். மற்ற உடம்பு ஜீப்புக்கு அடியில் இருக்கும். ஒரு கையில் டார்ச் லைட், இன்னொரு கையில் கிழிந்த வேட்டித் துணி. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் அந்தத் துணியால் ஒற்றிப் பார்ப்பார். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் பிரேக் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம்; அந்த வண்டி அன்றைக்கு மலை ஏறாது.

வெளியே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நின்றுகொண்டிருப்பார்கள். ஏழரை மணிக்குள் குமுளி தாண்டித் தோட்டத்தில் பெயர் கொடுக்காவிட்டால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ராக்கப்பன் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நெருப்பில் நிற்பது போலிருக்கும்.

"ஏப்பா மிலிட்டரி, வண்டிக்கு அடியில படுத்து உறங்கிட்டியா? நாங்க பொழப்பைப் பாக்க வேணாமா?" என்று மொக்கம்மாள் தினமும் சத்தம் போடுவாள். ஐம்பது வயதுக்காரி. கூட்டத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி. அவள் குரல் கொடுத்தால் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

ராக்கப்பன் சோதனையை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். எழுந்து பிரேக்கை மிதித்து, பத்து எண்ணும் வரை காலை எடுக்காமல் வைத்திருப்பார். பிறகு ஆட்களை எண்ணுவார். பத்துக்கு மேல் ஒருத்தி இருந்தாலும் இறக்கி அடுத்த வண்டிக்கு அனுப்புவார். எல்லாம் முடிந்த பின்தான் நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த ஜீப்பையும் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று எஸ்டேட்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஷெட் முதலாளி ஆதித்தன் அவரை வேலைக்கு வைத்திருந்தார்.

ராக்கப்பன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படைப்பிரிவில் ஹவில்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அப்பாவும் அம்மாவும் இல்லை. வானத்திலிருந்து குதிக்கிறவனுக்கு எந்த நம்பிக்கையில் பெண் கொடுப்பது என்று கேட்டே வயதுக் காலத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை. அப்புறம் அவரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார். வெளியே கிளம்பும்போது அடுப்பு அணைந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பார். கிணற்றில் வாளி இறக்குவதற்கு முன்னால் கயிற்றை முழு நீளத்துக்கும் உருவிப் பார்ப்பார். பக்கத்து வீட்டார் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஷெட்டில் சிரிப்பு மட்டும் இல்லை, வெறுப்பும் இருந்தது. அவரால் தாமதமாகிறது என்று டிரைவர்களுக்குக் கோபம். டீக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். தீபாவளிக்கு ஒருத்தர் வீட்டிலிருந்தும் ஒரு வாய் பலகாரம் வரவில்லை. அன்று முழுவதும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாயங்காலம் பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டபோது தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்ததைக் கவனித்தார்.

அவரிடம் முகம் கொடுத்துப் பேசியவன் டிரைவர் கர்ணன் ஒருவன்தான். முப்பது வயது, கலகலப்பானவன். ஒரு நாள் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஏண்ணே, நேத்துப் பாத்த வண்டியத்தான இன்னைக்கும் பாக்குறீக? ஒரு ராத்திரில என்ன ஆயிரப் போகுது?"

ராக்கப்பன் துணியை உதறிவிட்டுச் சொன்னார். "நான் நூத்தி எம்பது தடவை குதிச்சிருக்கேன். பாராசூட்டுக் கயிறு பிளேன்ல கொக்கியில மாட்டியிருக்கும். குதிச்சா அதுவே இழுத்துத் தெறந்துரும். ஆனாலும் நாலு எண்ணிட்டு அண்ணாந்து பாக்கணும். தெறந்திருக்கும்னு நம்பக் கூடாது. தெறந்திருக்கான்னு பாக்கணும். நூத்தி எழுவத்தொம்போது தடவை ஒழுங்காத் தெறந்துச்சு. ஒரு தடவை கயிறு முறுக்கிக்கிட்டுப் பாதி துணி விரியவே இல்ல. நெஞ்சுல இருக்குற ரெண்டாவது பாராசூட்ட இழுத்துவிட்டேன். அன்னைக்கு மட்டும் அண்ணாந்து பாக்கலைன்னா இப்ப இங்கன நின்னு உங்கூடப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

கர்ணன் வியந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான். குதிப்பதற்கு முன் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவனின் முதுகுப் பையைப் பின்னால் நிற்பவன் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்றும் ராக்கப்பன் சொன்னார். வாழ்க்கையிலும் அப்படித்தான், நம் முதுகைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்படி ஒரு ஆள் அவருக்கு இல்லை.

தை பிறந்ததும் கர்ணன் ஒரு சேதியோடு வந்தான். மகளுக்குக் காது குத்தப் போகிறார்கள். குச்சனூருக்குப் பக்கத்தில் குலசாமி கோயில். அவன் மனைவி முருகம்மாளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

"நீங்கதாண்ணே வந்து உக்காரணும். முருகம்மாளே சொல்லிருச்சு, அண்ணனைக் கூப்பிடுங்கன்னு," என்றான்.

ராக்கப்பன் தலையை ஆட்டினார். தேனிக்குப் போய் ஒரு பட்டுப் பாவாடையும் வெள்ளிக் கொலுசும் வாங்கிவந்தார். கோயிலில் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. காது குத்தும்போது வீறிட்டு அழுது அவர் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது. பந்தியில் முருகம்மாள், "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் கறி வைங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினேழு வருட ராணுவத்திலும் அதற்குப் பிந்தைய மூன்று வருடத்திலும் அவர் அவ்வளவு நிறைவாகச் சாப்பிட்டதில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் கர்ணன் வீட்டில்தான் சாப்பாடு. கர்ணனின் வண்டிக்கு அடியில் அவர் படுக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மச்சான் வண்டியைச் சந்தேகப்படுவது மச்சானையே சந்தேகப்படுவது போல அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு ஜீப்புகள் பழுதாகி நின்றுவிட்டன. பெண்கள் வாசலில் குமைந்துகொண்டிருந்தார்கள். மொக்கம்மாள் ஆத்திரத்தில் தூக்குவாளியை ஜீப் பானெட்டில் தட்டினாள். கர்ணன் வண்டியில் பதினைந்து பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் பாத்துட்டேண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லேட்டாகுது, போட்டு விடுங்க," என்று கர்ணன் நோட்டை நீட்டினான்.

ராக்கப்பன் பதினைந்து தலைகளையும் பார்த்தார். மொக்கம்மாளின் முகத்தைப் பார்த்தார். கர்ணனின் முகத்தையும் பார்த்தார். சக்கரத்தை மட்டும் பார்க்கவில்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம மிலிட்டரிக்கு இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்கு," என்றாள் மொக்கம்மாள். வண்டி முழுக்கச் சிரித்தது. ராக்கப்பனும் சிரித்தார். அந்த ஷெட்டில் அவர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

சாயங்காலம் நான்கரை மணிக்குக் குமுளியிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டது. முன் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் ஏற்கெனவே விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. பதினைந்து பேரின் பாரத்தில் அது முழுதாகப் பிய்ந்துவிட்டது. கர்ணன் பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியைப் பாறையில் மோதவிட்டான். ஜீப் கவிழ்ந்தது. இருபத்திரண்டு வயது இருளம்மாள் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். மொக்கம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே கால் நொறுங்கியது. கர்ணனுக்கு விலா எலும்பு உடைந்தது.

சேதி கேட்டு மலையடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டி அந்த வளைவுக்கு ஓடிய ராக்கப்பன், கவிழ்ந்து கிடந்த ஜீப்பின் முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். உள்பக்கம் முழுவதும் பழைய பிசுக்கு, தூசி படிந்து கெட்டியாக இருந்தது. ஒரே நாளில் சேர்ந்த பிசுக்கு இல்லை. காலையில் துணியால் ஒரு தடவை ஒற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஆதித்தன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பதற்றப்பட வேண்டாம் என்றார். நோட்டில் கையெழுத்து இருக்கிறது, வண்டி சரியாகத்தான் போயிருக்கிறது, டிரைவர் வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று ஆகிவிடும், நீங்கள் எதுவும் பேசாமல் இருந்தால் போதும் என்று அமைதியாகச் சொன்னார். ராக்கப்பன் கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கையெழுத்து என்னுதுதான். ஆனா பார்வை இல்ல. வண்டியப் பாக்காமத்தான் போட்டேன். பதினஞ்சு பேரு ஏறுனதைப் பாத்தும் போட்டேன். அந்தப் புள்ள செத்ததுல எனக்கும் பங்கு இருக்கு, எழுதிக்கங்க," என்றார் ராக்கப்பன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதினார்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. ராக்கப்பன், கர்ணன், ஆதித்தன் மூன்று பேர் மீதும் குற்றம் விழுந்தது. ஆதித்தன் அபராதம் கட்டினார். எஸ்டேட் ஒப்பந்தமும் கைவிட்டுப் போனது. கர்ணனுக்கும் ராக்கப்பனுக்கும் ஆளுக்கு ஆறு மாதச் சிறை. ராக்கப்பன் வாய் திறந்ததால்தான் பழி முழுவதும் கர்ணன் தலையில் விழவில்லை. ஆனால் கர்ணன் வண்டியைச் சோதிக்காமலே சோதித்ததாகச் சொன்னதும் அதனால்தான் வெளியே வந்தது. முருகம்மாள் கோர்ட் வாசலில் அவரைக் கண்டும் காணாதவள் போலப் போனாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தது. அவள் அதன் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள்.

ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அறை பூட்டியபடியே கிடந்தது. யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவராகத்தான் ஒவ்வொரு வீடாகப் போனார். இருளம்மாளின் அம்மா கதவைத் திறக்கவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். கடைசியாக மொக்கம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றி நடக்கும் கக்கத்துக் கட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னைய மன்னிச்சுருங்கக்கா," என்றார்.

அவள் கையிலிருந்த காயை உரித்து முடித்தாள்.

"உன்னைய மன்னிக்க நான் யாருப்பா? அந்தப் புள்ளைதான் மன்னிக்கணும், அது இல்ல. நீ கையெழுத்துப் போட்டது தப்பு. பெரிய தப்பு. அதை இல்லேங்க மாட்டேன்." அடுத்த காயை எடுத்தாள். "ஆனா இத்தனை மாசமா இந்தக் கட்டில்ல கெடந்து யோசிச்சுப் பாத்தேன். தினமும் நீ மண்ணுல படுத்து எங்க உசுரப் பாத்துக்கிட்டிருந்த. நாங்க உன்னைய வைஞ்சோம். நீ பாக்காமப் போட்ட அன்னைக்குத்தான் உன்னையப் பாத்துச் சிரிச்சோம்."

ராக்கப்பன் தலைகுனிந்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

"அடுத்த வாரத்துலருந்து எம்மக வேற கம்பெனி ஜீப்புல மலைக்குப் போறா," என்றாள் மொக்கம்மாள். "அவகிட்டச் சொல்லியிருக்கேன். பாக்குறதுக்குன்னு ஒரு ஆளு இருந்தா, அவரு பாத்து முடிக்கிற வரைக்கும் வாயத் தெறக்காம நில்லு. கங்காணி திருப்பி அனுப்புனா வீட்டுக்கு வா, ஒரு நாள் கூலிதான் போகும். சரி பாக்குற மனுசனை நாம எரிச்சப்பட்டு ஒதுக்கி வச்சா, ஒரு நாள் அவரும் நம்மள மாதிரி ஆகி, பாக்காமலே சரின்னு எழுதிருவாரு. அப்புறம் நம்மளக் காப்பாத்த ஒருத்தரும் இருக்க மாட்டாகன்னு சொல்லியிருக்கேன்."