கன்னம் பட்ட இடம்

மரம் என்னுடையது, இரும்பு அவருடையது. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் செய்துகொண்ட பாகப்பிரிவினை இது. பழைய துப்பாக்கி எது வந்தாலும் அவர் திருகுகளைக் கழற்றி, குழாயையும் விசையையும் தன் மேஜைக்கு எடுத்துப் போய்விடுவார். தோளில் அணைத்துப் பிடிக்கிற மரக்கட்டை மட்டும் என் மேஜைக்கு வரும். இரும்பில் எண் பொறித்திருக்கும், மரத்தில் ஒன்றும் இருக்காது. எந்தக் கட்டை எந்த இரும்புக்கு என்று மறந்துபோகாமல் இருக்க, பின்பக்கத் தட்டுக்கு அடியில் ஆணியால் கோடும் புள்ளியுமாக ஏதோ கீறி வைப்பார். அது அவர் கணக்கு. நான் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டதில்லை. அவரும் என் வார்னிஷ் டப்பாவில் மூக்கை நுழைப்பதில்லை.

இந்த முறை வந்தது ரைஃபிள் கிளப்பின் சரக்கு. பிள்ளைகள் சுட்டுப் பழகுகிற ஒரு டஜன் பழைய துப்பாக்கிகள். எங்கள் மகளும் அங்கேதான் பழகினாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. போன வருடம் பயிற்சி முடிந்து திரும்பும்போது பஸ் கவிழ்ந்துவிட்டது. பதினேழு வயது. யார் கேட்டாலும் இதை இப்படித்தான் சொல்கிறேன், பால் பாக்கெட் விலையைச் சொல்கிற மாதிரி. குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

கிளப் செயலாளர் வண்டியிலிருந்து சரக்கை இறக்கிவிட்டு, என் மேஜை ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இதுல ஒண்ணு நம்ம பாப்பா வெச்சிருந்ததும்மா. பஸ் கவிழ்ந்ததுக்கப்புறம் எதையும் யாரும் எடுக்கல. எதுன்னு எனக்குத் தெரியாது, என் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. அந்தக் கட்டையை நீங்களே வெச்சுக்கலாம்னு கமிட்டியில பேசிட்டோம். தொடைக்காம அப்படியே எடுத்து வெச்சுக்கங்க. பதிலுக்கு வேற கட்டை ஒண்ணு போட்டுக் குடுத்தா போதும்."

"பாத்து எடுத்துக்கறேன் சார்."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"என் பொண்ணு முகம் எனக்குத் தெரியாதா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என் கணவர் முதல் துப்பாக்கியை எடுத்துத் திருக ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் துருப்பிடித்த திருகு இரண்டைக் கழற்றிவிடலாம். எண்ணை வைத்து அவருக்கு எது அவளுடையது என்று தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசுவதே இல்லை. காஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதுவும் போக, மரம் என் பக்கம். அதில் போய் அவரிடம் கேட்பதா?

அந்தக் கட்டை எனக்கு வேண்டும். போன வருடம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்களில், என் அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். வாலுவின் துணிகளை எல்லாம் துவைத்து, மடித்து, யாருக்கோ கொடுத்துவிட்டாள். தலையணை உறையைக்கூட விடவில்லை. அவள் மேல் பட்டு, துவைக்காமல் இருக்கிற பொருள் என்று வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைக்கிற இடம் ஒன்று உண்டு. குறி பார்க்கும்போதெல்லாம் முகம் அதே இடத்தில் அழுந்தும். வேர்வையும் எண்ணெயும் பவுடரும் நாளாவட்டத்தில் மரத்துக்குள் இறங்கி, அங்கே மட்டும் கறுத்துக் கிடக்கும். அந்த ஒரு கை அகல இடம்தான் எனக்கு வேண்டியது.

வேலையைத் தொடங்கினேன். பழைய வார்னிஷை மருந்து தடவிக் கரைத்து வழித்து எடுப்பேன். எண்ணெய் ஊறிய இடத்தில் சுண்ணாம்புப் பொடியை டர்பன்டைனில் குழைத்து அப்பி, வெயிலில் வைப்பேன். சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற எண்ணெய் மேலே வந்து பொடியில் ஊறும். வெள்ளையாகப் பூசியது பழுப்பாகிவிடும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி ஏறி மரம் உப்பிக்கொண்டு மேலே வரும். பிறகு உப்புத்தாள், பிறகு ஆளிவிதை எண்ணெய், கையாலேயே தேய்த்துத் தேய்த்து.

கட்டையைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். ஒன்றில் கட்டைவிரல் படும் இடத்தில் நகக்கீறலாக இருந்தது. குறி தவறினால் மரத்தின் மேல் கோபத்தைக் காட்டுகிற பிள்ளை. ஒன்றின் அடியில் சூயிங்கம் ஒட்டியிருந்தது. வீட்டில் மேஜைக்கு அடியில் ஒட்டுகிற கழுதை, இங்கேயும் வந்து ஒட்டியிருக்கிறது. இன்னொன்றை யாரோ தரையில் ஊன்றி ஊன்றியே நடந்திருக்க வேண்டும், பின்முனை சிலும்பிப் போயிருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே துடைத்தேன். திட்டுவதற்கு மட்டும் எனக்கு எப்போதும் தெம்பு இருக்கிறது.

ஒரு கட்டை ரொம்பச் சுத்தமாக வந்தது. கன்னம் வைக்கிற இடம்கூடக் கறுக்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு வைக்கிற வேலையே மிச்சம். காலையில் எடுத்ததை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தேய்த்து, எண்ணெய் போட்டு நிறுத்திவிட்டேன். நடுவில் ஒருமுறை என் கணவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து பக்கத்தில் நின்றார். என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்து எடுத்த கட்டையில் அந்தக் கறுப்பு இருந்தது. நல்ல கனத்த கறுப்பு, விளிம்பில் மினுமினுப்பு. மோந்து பார்த்தால் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. தினமும் காலையில் அவள் முடியைப் பிடித்து இழுத்து வைத்து எண்ணெய் தேய்த்துப் பின்னி அனுப்பியது இந்தக் கைதான். சந்தேகமே வரவில்லை. ஒரு பழைய போர்வையில் சுற்றி உள்ளறை பீரோவில் வைத்தேன். கிளப்புக்குப் பதில் கட்டையாக எங்கள் கிடங்கில் கிடந்த ஒன்றை எடுத்து மேஜையில் போட்டுக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"கெடைச்சிடுச்சா! அழுதியா?" என்றாள்.

"இல்லக்கா."

"இப்பவாவது அழுது தொலையேண்டி. மனசுல கல்லைக் கட்டிக்கிட்டா சுத்துவே?"

"வந்தா அழ மாட்டேனா? வரல."

தினமும் வேலை முடிந்ததும் பீரோவைத் திறந்து, போர்வையை விலக்கி, அந்த இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். ஒரு நாள் கொட்டாவி வந்தது. பெற்ற வயிறு இப்படியும் இருக்குமா என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மூடிவிட்டுப் போய் உலை வைத்தேன்.

எல்லாம் காய்ந்ததும் கட்டைகளை அவர் மேஜைக்குக் கொண்டுபோய் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துக் கீறலைப் பார்த்து, அதற்குரிய இரும்பைப் பூட்டிக்கொண்டே வந்தார். ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் குறி இல்லையே?"

"அது நம்ம கிடங்குக் கட்டை. கிளப்புக்குப் பதில் கட்டை. வாலுவோடதை நான் எடுத்து வெச்சுட்டேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எதை?"

நான் போய்ப் போர்வையோடு எடுத்து வந்தேன். அவர் அதைப் பிரித்து, பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவளோடது இல்ல."

"என்னங்க சொல்றீங்க? எண்ணெயைப் பாருங்க. மோந்து பாருங்க."

"இது அந்தக் குண்டுப் பையனோடது. தலையில எண்ணெய் வழிய வழிய வருவான். நான் அவளைக் கொண்டுபோய் விடறப்பல்லாம் பாத்திருக்கேன்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை நாளும் எவனோ ஒரு குண்டுப் பையனின் தலை எண்ணெயில் முகத்தை வைத்துக்கொண்டு அழுகைக்குக் காத்திருந்திருக்கிறேன். கூடவே ஒரு நிம்மதி. அதனால்தான் ஒன்றும் தோன்றவில்லை. அவளுடையது இல்லை என்று என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்றும் கல் இல்லை.

"அப்போ அவளோடது எது?"

அவர் ஏற்கெனவே பூட்டி முடித்துச் சுவரில் சாய்த்திருந்த ஒன்றைக் காட்டினார். எனக்கு ஒரு கணம் எது என்று தெரியவில்லை. பிறகு மரத்தின் ரேகையைப் பார்த்து அடையாளம் தெரிந்தது. ஒரு காலைப்பொழுதில் முடித்த அந்தச் சுத்தமான கட்டை.

"அதுல கறையே இல்லையே."

"கைக்குட்டை போட்டுப்பா. கன்னம் வைக்கறதுக்கு முன்னால ஒரு கைக்குட்டையை மடிச்சு மரத்து மேல விரிச்சுப்பா. கூட இருக்கற பசங்க கிண்டல் பண்ணுவாங்க. வேர்வை பட்டு மரம் கறுத்தா எங்கம்மா தொலைச்சுடுவாங்கன்னு சொல்லுவா."

சொல்லியிருக்கிறேன். மரத்தில் முகத்தை வைக்காதே, கையை வைக்காதே என்று அந்தப் பெண்ணின் உயிரை எடுத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் முழங்கை வைத்தால்கூடத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

"நான் தேய்க்கறப்ப பக்கத்துல வந்து நின்னீங்களே. ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் தேய்க்கறே, வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்டேன்னு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் நீ ஒழுங்கா வேலை பண்ணே. அதைக் கெடுக்க வாய் வரல."

அவர் அதிலிருந்து இரும்பைக் கழற்றிக் கட்டையை என் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. கைக்குட்டையைத் தாண்டி ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் மருந்து வைத்துக் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தது நான். அந்தத் தூளை அன்றைக்கே பெருக்கிக் குப்பையில் கொட்டியாகிவிட்டது. காலை முழுக்க அவள் கட்டையை மடியில் வைத்திருந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை.

"வெச்சுக்கலாம்" என்றார்.

"எதை வெச்சுக்கறது? என் பாலிஷையா? பூட்டுங்க. கிளப்புக்கே போகட்டும்."

அவர் பூட்டினார். குண்டுப் பையன் கட்டைக்குச் சுண்ணாம்பு அப்பினேன். அது பழுப்பாக ஆக ஆக உதிர்த்து மறுபடி அப்பினேன். ராட்சசன், லேசில் வெளுக்கவில்லை.

செயலாளர் வண்டியோடு வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் எண்ணிவிட்டு, பில்லில் பதில் கட்டைக்குத் தொகை போடாததைப் பார்த்து முகம் மாறினார்.

"ஏம்மா, பாப்பாவோடதை எடுத்துக்கலையா?"

"இல்ல சார். புள்ளைங்க யாராவது சுடட்டும்."

"நல்ல மனசும்மா உங்களுக்கு."

"மனசெல்லாம் ஒண்ணுமில்ல சார்." சுவரோரம் இருந்த அவளுடையதை நானே எடுத்துக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டிருக்கலாம். கை நீட்டியவர் காத்துக்கொண்டிருந்தார். "இதை யார் எடுத்தாலும் ஒண்ணு சொல்லிடுங்க. கைக்குட்டை, துண்டு, எதையும் போட்டுக்க வேணாம். முகத்தை நேரா மரத்துல வெக்கச் சொல்லுங்க."

"வேர்வைம்மா. எண்ணெயும் அழுக்குமா திரும்பப் பழையபடி ஆயிடுமே?"

"ஆகட்டும். அழுக்காகட்டும் சார். நான் இருக்கேன்ல தொடைக்க."

"அடுத்த வருஷத்துக்கும் இப்பவே வேலை பிடிச்சுட்டீங்க, பலே ஆளும்மா நீங்க" என்று அவர் சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். நானும் சிரித்தேன்.

"அழுக்காகட்டும் சார்" என்றேன் மறுபடி. சொன்னதையே சொல்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "பரவாயில்ல சார், அழுக்காகட்டும். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. அழுக்காகட்டும்."

செயலாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் வந்து, துப்பாக்கியைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அதை வாங்கி அவரிடம் கொடுத்தார்.